அடைச்சா போதுமா, கேப் போடணுமா?

"வலிதான் போயிடுச்சே டாக்டர், அப்புறம் எதுக்கு கேப்?"

பல் மருத்துவராக இத்தனை வருஷத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். இதற்கு நேர் எதிராகக் கேட்கிறவர்களும் உண்டு. "எப்படியும் ஒருநாள் கேப் போடணும்னுதானே சொல்லப் போறீங்க? இப்பவே போட்டு விட்டுடுங்களேன், தொல்லை விட்டது!" முதலாமவருக்குச் செலவை நினைத்துப் பயம். அடுத்தவருக்கு நாளைக்கு வரப்போகும் வலியை நினைத்துப் பயம். இரண்டு பேருமே தங்கள் பல்லை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

சொத்தையைச் சுரண்டி எடுத்த பிறகு அந்தப் பல்லில் எவ்வளவு சுவர் பாக்கி நிற்கிறது? அடைப்பா, கேப்பா என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. வலி எவ்வளவு இருந்தது, ஓட்டை எவ்வளவு கறுப்பாக இருந்தது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அந்தச் சுவரைப் பார்க்காமல் "சரி டாக்டர், போட்டுடுங்க" என்று தலையாட்டுவதும், "அடைச்சு விடுங்க போதும்" என்று எழுந்து போவதும், மனையைப் பார்க்காமல் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரிதான். சக டாக்டர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். நோயாளியின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துப் பல்லைக் காட்டாமல் வாங்குகிற சம்மதம் சம்மதமே இல்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஃபில்லிங் என்பது பல்லுக்குள் விழுந்த பள்ளத்தை நிரப்புவது. சுற்றிலும் சொந்தச் சுவர் இருக்கவேண்டும். அடைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது அந்தச் சுவர்தான். க்ரௌன், அதாவது நாம் 'கேப்' என்று சொல்கிற உறை, இதற்குத் தலைகீழ். பல்லைச் சுற்றிலும் சீவிச் சின்னதாக்கி, அதன்மேல் தொப்பி மாதிரி ஒட்டுகிறோம். இங்கே சுவரைப் பிடித்துக்கொள்வது கேப்.

பாட்டி வீட்டு உலக்கையைப் பார்த்திருப்பீர்கள். அதன் நுனியில் ஓர் இரும்புப் பூண் இருக்கும். குத்துகிற குத்தில் மரம் பிளந்து போகாமல் அதுதான் இறுக்கிப் பிடித்திருக்கும். கேப் செய்கிற வேலையும் அதேதான். எங்கள் பாடப் புத்தகங்களில் இதற்கு 'ஃபெரூல்' என்று பெயர். ஃபெரூல் என்றாலே பூண்தான்! ஈறுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு நல்ல பல் நின்றால்தான் அந்தப் பூண் நன்றாகப் பிடிக்கும். சில சமயம் ஈறைக் கொஞ்சம் இறக்கிவிட்டு அந்த உயரத்தைச் சம்பாதிக்கலாம். அதற்கும் வழியில்லை என்றால், உலக்கையே இல்லாமல் பூணை எதில் மாட்டுவது? அந்தப் பல்லை எடுத்துவிடுவதே நல்லது. அடைப்பு, கேப் இரண்டையும் விட்டு இப்படி மூன்றாவதாகவும் ஒரு விடை உண்டு என்பதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை.

இப்போது உங்கள் கடைவாய்ப் பல்லை நாக்கால் தடவிப் பாருங்கள். நாலைந்து மேடுகள், நடுவே பள்ளம். பக்கத்துப் பற்களை ஒட்டினாற்போல முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு வரப்புகள். கன்னத்துப் பக்கத்து மேட்டையும் நாக்குப் பக்கத்து மேட்டையும் சேர்த்துக் கட்டி வைத்திருப்பவை இந்த வரப்புகள்தான். நடுப்பள்ளத்தில் மட்டும் சொத்தை என்றால் வரப்புக்கு ஆபத்தில்லை. அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பக்கத்துப் பல்லோடு உரசுகிற இடத்தில் சொத்தை விழுந்தால் ஒரு வரப்பு போகும். பெரும்பாலும் அப்போதும் அடைப்பே போதும். இரண்டு வரப்பும் போய், நடுவிலும் ஆழமாகக் குடைந்துவிட்டால்தான் சங்கடம். கன்னத்துச் சுவர் தனியாக நிற்கும், நாக்குச் சுவர் தனியாக நிற்கும். இட்லி சாப்பிடும்போது ஒன்றும் தெரியாது. சீடையைக் கடிக்கும்போது இரண்டு சுவரும் ஆளுக்கொரு பக்கமாக விரியும்.

இது வெறும் ஊகம் இல்லை. பிடுங்கிய பற்களை வைத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்து 1989-ல் வெளியிட்டிருக்கிறார்கள். ரூட் கேனலுக்காகத் துளை போட்டதால் பல்லின் விறைப்பு குறைந்தது வெறும் 5 சதவீதம். இரண்டு பக்க வரப்பையும் எடுத்தபோது குறைந்தது 63 சதவீதம்! "ரூட் கேனல் பண்ணினா பல் செத்துக் காஞ்சு போய், சுள்ளி மாதிரி ஒடிஞ்சிடும்" என்று ஒரு நம்பிக்கை நம் வீடுகளில் ரொம்ப நாளாக இருக்கிறது. காய்ந்து போவதால் இல்லை ஸார். ரூட் கேனல் வரைக்கும் வந்த பல், அதற்கு முன்பே சொத்தையில் பாதிச் சுவரை இழந்திருக்கும். ஒடிவதற்கு அதுதான் காரணம்.

அதனால்தான் ரூட் கேனல் செய்த கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் கேப் வேண்டும் என்கிறோம். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் ரூட் கேனல் செய்த பற்களின் பழைய கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 2002-ல் வந்த அந்த ஆய்வின்படி, கேப் போடாத பற்கள் கேப் போட்ட பற்களைப் போல 6 மடங்கு வேகத்தில் பறிபோயின.

எனக்குத் தெரிந்த ஒரு ரிடயர்டு வாத்தியார். கீழ் வரிசைக் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனல் முடிந்தது. மூன்று ஸிட்டிங், கணிசமான செலவு. வலி சுத்தமாகப் போய்விட்டது. "பொண்ணு கல்யாணம் முடியட்டும் டாக்டர், கேப்பை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். கல்யாணம் முடிந்தது, தலை தீபாவளியும் முடிந்தது. கேப் மட்டும் வரவில்லை. ஒருநாள் முறுக்கைக் கடித்தபோது பல் நெடுக்குவாக்கில் வேர் வரைக்கும் பிளந்துவிட்டது. அப்படிப் பிளந்த பல்லை ஒட்டவைக்க எங்களிடம் எந்தப் பசையும் கிடையாது. ரூட் கேனலுக்குக் கொடுத்த பணமும் போய், பல்லும் போய், இம்ப்ளான்ட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டு வந்தார். அந்தத் தொகையில் கேப் எத்தனையோ போட்டிருக்கலாம்!

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 'கேப்' என்கிற வார்த்தையே அதை ஓர் அலங்காரச் சாமான் மாதிரி ஆக்கிவிட்டது. வைத்தியம் முடிந்துவிட்டது, கேப் என்பது மேலே வைக்கிற மகுடம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அந்த மாதிரிப் பல்லுக்குக் கேப் போடும்வரை வைத்தியம் முடியவே இல்லை என்பதை முதல் நாளே, ரூட் கேனலுக்குச் சம்மதம் கேட்கும்போதே, இரண்டுக்கும் சேர்த்துச் செலவைச் சொல்லி விளக்கியிருக்கவேண்டும். முதலில் ஒரு தொகை, வலி போன பிறகு இன்னொரு தொகை என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

சரி, ரூட் கேனல் செய்த எல்லாப் பல்லுக்கும் கேப் போடணுமா? வேண்டாம். முன்பற்கள் வேறு ஜாதி. அவை கடித்து வெட்டுகிறவை. கடைவாய்ப் பல் மாதிரி நசுக்கி அரைப்பவை இல்லை. ஆயிரத்துக்கும் அதிகமான ரூட் கேனல் பற்களைக் கணக்கெடுத்து 1984-ல் வெளியான ஓர் ஆய்விலேயே, கேப்பினால் கடைவாய்ப் பற்களுக்கும் அதற்கு முந்திய சிறு கடைவாய்ப் பற்களுக்கும் பலன் தெரிந்தது, முன்பற்களுக்குப் பெரிசாகத் தெரியவில்லை என்று வந்துவிட்டது. சுவர்கள் நன்றாக இருக்கிற முன்பல்லுக்குப் பின்பக்கத்துத் துளையை அடைத்தாலே போதும். நிறம் மங்கிப் போச்சு என்றால் உள்ளிருந்தே வெளுக்கவைக்கிற முறை இருக்கிறது. "ரூட் கேனல் ஆயிடுச்சு, அதனால கேப்" என்று யாராவது முன்பல்லைச் சீவக் கிளம்பினால், "எந்தச் சுவர் போயிருக்கு டாக்டர்? காட்டுங்க" என்று தாராளமாகக் கேளுங்கள்.

இனி மறுபக்கம். 'இப்பவே கேப் போட்டு விட்டுடுங்களேன்' கட்சிக்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். கேப்புக்காகச் சீவி எடுக்கிற பல் திரும்ப வளராது. உடம்பிலேயே கடினமான பொருள் எனாமல். ஒருதடவை போனால் போனதுதான். பீங்கான் கேப் என்றால் கடிக்கிற பரப்பில் ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர், பக்கங்களில் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை சீவவேண்டியிருக்கும். கேட்க அற்பமாகத் தெரியும். 2002-ல் எடைபோட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், முழு கேப்புக்காகத் தயார் செய்த பல்லில் ஈறுக்கு மேலே தெரிகிற பாகத்தில் மூன்றில் இரண்டு பங்கு, சில சமயம் முக்கால் பங்குவரைகூட, தூளாகப் போயிருந்தது. நல்ல சுவர் இருக்கிற பல்லுக்கு இது அநியாயம் இல்லையா?

பல் உயிரோடு இருந்தால் உள்ளே இருக்கிற நரம்புக்கும் சோதனைதான். ஸ்காட்லாந்தில், ரூட் கேனல் செய்யாமல் கேப் போட்ட பற்களை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் 19 சதவீதத்தில் வேர் நுனியில் நோயின் அறிகுறி தெரிந்ததாக 1998-ல் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் கேப்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே ஆழமான சொத்தை, பெரிய அடைப்பு என்று அடிபட்ட பற்களாகவும் அவை இருந்திருக்கலாம். ஆனாலும் 'கேப் போட்டா இனிமே அந்தப் பல்லைப் பத்திக் கவலையே இல்லை' என்கிற எண்ணத்தை அது ஆட்டம் காணவைக்கிறது.

கல்லூரிப் பெண் ஒருத்தி அம்மாவோடு வந்தாள். வேறோர் இடத்தில் மூன்று பற்களுக்குக் கேப் போடணும் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எக்ஸ்-ரேயைப் பார்த்தால், இரண்டு பற்களில் பக்கவாட்டில் சின்னச் சொத்தை, அடைத்தாலே தீர்ந்துவிடும். மூன்றாவது பல்லில் இருந்தது கறை. அந்த அம்மா நம்பவேயில்லை. "அடைப்பு சீக்கிரம் விழுந்திடும், கேப்புன்னா லைஃப் லாங் வரும்னாங்களே டாக்டர்?" என்றார். அடைப்பு தேயும், உடையும், மாற்றவேண்டியிருக்கும், உண்மைதான். ஆனால் அடைப்பு போனால் அடுத்து இன்னோர் அடைப்புக்கு இடம் இருக்கிறது. அதுவும் போனால் கேப்புக்கு இடம் இருக்கிறது. இருபது வயதில் கேப்பில் ஆரம்பித்தால் அடுத்த படிக்கு எங்கே போவது?

கேப்போடு ஒரு வாரண்டி கார்டு கொடுக்கிறார்களே, அதையும் சரியாகப் படியுங்கள். அந்த உத்தரவாதம் கேப் உடைந்தால்தான். கேப்புக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் உங்கள் பல்லுக்கு யாரும் வாரண்டி தரவில்லை. கேப்பின் விளிம்பு பல்லோடு சேருகிற இடத்தில், ஈறு ஓரத்தில், சொத்தை தாராளமாக வரும். பிரஷ் எட்டாத பல் இடுக்கில் அதற்கென்று இருக்கிற குட்டி பிரஷ்ஷையோ நூலையோ விட்டு தினமும் சுத்தம் செய்யாவிட்டால், பளபள கேப் மேலே அப்படியே இருக்க, உள்ளே பல் மாவாகிப் போயிருக்கும்.

கண்ணாடியில் பார்த்தும் புரிபடாத ஒரு ரகமும் உண்டு. சொத்தையே இருக்காது, எக்ஸ்-ரேயிலும் ஒன்றும் தெரியாது. ஆனால் எதையாவது கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது மின்னல் மாதிரி 'சுரீர்' என்று ஒரு வலி. அது பெரும்பாலும் பல்லில் விழுந்த விரிசல். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்கும், பாக்கு கடிக்கிறவர்களுக்கும், சோடா மூடியைப் பல்லால் திறக்கிற வீரர்களுக்கும் வரும். இந்த இடத்தில் அடைப்பை நம்பி உட்காரக்கூடாது. விரிசல் வேருக்கு இறங்குவதற்குள் பூண் மாட்டிவிடவேண்டும். அதற்கும் முழு கேப்தான் என்றில்லை. மேடுகளை மட்டும் மூடுகிற 'ஆன்லே' என்று ஒன்று இருக்கிறது; பக்கச் சுவர்களை அவ்வளவாகச் சீவவேண்டியதில்லை. கேப்புக்கும் அடைப்புக்கும் நடுவில் இப்படியொரு வழி இருக்கிறது என்று நீங்களாகவே கேட்டால்தான் சில இடங்களில் சொல்கிறார்கள்.

அடைக்கிற பொருளைப் பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ளவேண்டாம். பல்லோடு ஒட்டிக்கொள்கிற வெள்ளை காம்போஸிட் வந்த பிறகு, அடைப்பு நிற்பதற்காக நல்ல பல்லையும் சேர்த்துக் குடையவேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. பாதரசம் கலந்த பழைய வெள்ளி அடைப்பை ஐரோப்பிய யூனியனில் 2025-லிருந்து மிகச் சில விதிவிலக்குகள் தவிர நிறுத்திவிட்டார்கள். அதற்காக, வாயில் நன்றாக இருக்கிற வெள்ளி அடைப்பைப் பயந்துபோய்ப் பெயர்த்தெடுக்க ஓடாதீர்கள்.

"விழப்போற பால் பல்லுக்குப் போய் கேப்பா?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். பால் பற்களில் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயதுவரை இருக்கவேண்டியவை. ஐந்து வயதுக் குழந்தைக்கு அதில் பக்கவாட்டில் சொத்தை என்றால், ஸ்டீல் கேப் சாதாரண அடைப்பைவிட நன்றாகத் தாங்குகிறது. ஊசி போடாமல், பல்லைச் சீவாமல், அப்படியே அழுத்தி ஒட்டுகிற 'ஹால்' முறை ஸ்காட்லாந்திலிருந்து வந்திருக்கிறது. பார்க்க வெள்ளிப்பல் மாதிரி இருக்கும். குழந்தைகள் அதைப் பெருமையாகவே காட்டிக்கொண்டு திரிகிறார்கள்!

திரும்ப அந்தக் கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன். ஃபோனில் கூப்பிட்டு "கேப்புக்கு எவ்வளவு, ஃபில்லிங்குக்கு எவ்வளவு?" என்று விசாரிப்பதில் பிரயோஜனம் இல்லை. பல சமயம் சொத்தையைச் சுரண்டி எடுத்த பிறகுதான் எங்களுக்கே நிச்சயமாகத் தெரியும். "திறந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்கிற டாக்டரைச் சந்தேகப்படாதீர்கள். அவர் நியாயமாகத்தான் பேசுகிறார். திறந்த பிறகு, அடைப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லி, கண்ணாடியில் காட்டச் சொல்லுங்கள். இப்போதுதான் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே, ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். எக்ஸ்-ரேயின் காப்பியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறொரு டாக்டரின் அபிப்பிராயம் கேட்க நினைத்தால் அந்த இரண்டும் இருந்தால் போதும். அவர் மறுபடி தோண்டிப் பார்க்கவேண்டியதில்லை.

பணம் இல்லையென்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். "யோசிச்சுச் சொல்றோம் டாக்டர்" என்று கிளம்பிப் போய் வராமல் இருப்பதுதான் ஆபத்து. பணப் பிரச்சினை என்று தெரிந்தால் எங்களால் சில ஏற்பாடுகள் செய்ய முடியும். பலவீனமான மேடுகளைக் கொஞ்சம் தட்டி இறக்கி, அதன்மேல் காம்போஸிட்டால் மூடி, அந்தப் பக்கம் கடினமானதைக் கடிக்காதீர்கள் என்று சொல்லிச் சில மாதங்கள் ஓட்டலாம். நிரந்தரத் தீர்வு இல்லைதான், ஆனால் பல் பிளக்காமல் காப்பாற்ற அவகாசம் கிடைக்கும். வாயின் கோடியில் இருக்கிற பல்லுக்குப் பீங்கான் எதற்கு? யார் பார்க்கப் போகிறார்கள்? வெறும் உலோக கேப் விலையும் குறைவு, பல்லையும் குறைவாகத்தான் சீவவேண்டும். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1953-லிருந்து அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்திலும் அரசுக் கல்லூரி உண்டு. நாலு தடவை போய்வரவேண்டியிருக்கும், காத்திருக்கவேண்டியிருக்கும், வேலை நடக்கும்.

கேப் போட்டுக்கொண்டவர்களுக்கு ஒன்று. சில வருஷம் கழித்து அது கழன்று கையில் வந்துவிட்டால் பதற்றப்படாதீர்கள். ஃபெவிக்விக்கை எடுத்து நீங்களே ஒட்டப் பார்க்காதீர்கள். ஈறு வெந்துபோகும், கேப்பும் கோணலாக உட்காரும். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். ஆனால் தொடர்ந்து இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். கையில் கிடைத்தால் கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு, ஓரிரு நாளுக்குள் டாக்டரிடம் போங்கள். நாங்கள் முதலில் அந்த கேப்பைத் திருப்பி, உள்ளேதான் பார்ப்போம். வெறும் சிமென்ட் மட்டும் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். பல்லின் துண்டும் உடைந்து அதோடு வந்திருந்தால், வாயில் மிச்சம் எவ்வளவு சுவர் நிற்கிறது என்று மறுபடி பார்க்கவேண்டும். அதனால் டப்பாவை வீட்டில் மறந்துவிட்டு வராதீர்கள்.